மெல்பர்னில் இல்லாத பிள்ளை

போலீஸ்காரி தொலைபேசியில் சொன்னது நல்ல செய்திதான். மகனைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். நலமாக இருக்கிறானாம். முகவரியை மட்டும் வீட்டுக்குக் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டானாம். ஆகவே விசாரணைக் கோப்பை மூடுகிறோம் என்றாள். நான் அப்போது கிளினிக்கின் வரவேற்பு மேசையில் இருந்தேன். முன்னால் ஒரு பெண் காய்ச்சலடிக்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். போலீஸ்காரிக்கு நன்றி சொல்லி வைத்துவிட்டு அந்தக் குழந்தையின் பெயரைக் கணினியில் தட்டினேன். மூன்று தரம் பிழையாகத் தட்டினேன்.

அவனுக்கு வயது இருபது. இந்த நாட்டுச் சட்டப்படி அவன் பெரிய ஆள், விரும்பினால் தாய் தகப்பனுக்குத் தெரியாமல் இருக்கலாம். நான் "பிள்ளை" என்று சொன்ன போதெல்லாம் அவள் "வயதுவந்தவர்" என்று திருத்தினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபது வயதில் சாப்பிட்ட கோப்பையைக் கழுவத் தெரியாதவன் உங்களுக்கு வயதுவந்தவரா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. போலீசுக்கு அவன் காணாமற்போனவன் இல்லை. எனக்கும் என் கணவர் இவருக்கும் மட்டும்தான் காணாமற்போனவன்.

சண்டை என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஒளிப்பதற்கு இனி ஒன்றும் இல்லை. ஒரு வருடம் முழுவதும் அவன் பல்கலைக்கழகத்துக்கு என்று காலையில் பையைத் தூக்கிக்கொண்டு போனான். மத்தியானத்துக்கு நான் சோறும் கறியும் கட்டிக் கொடுத்தேன். மாலையில் வெறும் பெட்டியோடு திரும்பி வந்தான். பிறகு தபாலில் ஒரு கடிதம் வந்தது. அவன் இரண்டாம் ஆண்டுக்குப் பதிவே செய்யவில்லை. என் வாய் சும்மா இருக்கிற வாய் இல்லை. ஆக்லாந்தின் பிளாக்ஹவுஸ் பேயில் எங்கள் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். இவர் "காணுமப்பா, காணும்" என்று, போதும் என்பதாக, இடையில் வந்தார், அவருக்கும் ஏச்சு விழுந்தது. மகன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். கடைசியில், தன்னால் முடியவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

"ஏலாட்டி இந்த வாசல்படி மிதியாதை" என்றேன். தமிழில்தான் சொன்னேன். அவனுக்கு நன்றாக விளங்கியது. அடுத்த நாள் நான் வேலை முடிந்து வந்தபோது அவன் இல்லை. தொலைபேசியை நிறுத்தி வைத்திருந்தான். பெரிய பையும் குளிர்ச்சட்டையும் போயிருந்தன.

அந்த வெள்ளிக்கிழமை வழக்கம்போலக் கோயிலுக்குப் போனேன். பூசைக்கு முன்னர் நாங்கள் ஆறேழு பெண்கள் பின்னறையில் இருந்து பூக்கட்டுவோம். எனக்குப் பக்கத்தில் எப்போதும் இருப்பவள் என்னைவிட நாலைந்து வயது இளையவள், என்னை அக்கா என்பாள். "எங்கை அக்கா மகன், காரில கொண்டுவந்து விடேல்லையோ?" என்று கேட்டாள். சும்மா கேட்ட கேள்வி. "அவன் மெல்பர்னுக்குப் போட்டான், அங்கை படிக்கக் கிடைச்சிட்டுது" என்றேன். எங்கிருந்து வந்தது அந்தச் சொல் என்று இன்றுவரை தெரியாது. நாக்கு தானாகச் சொன்னது.

பொய்க்குச் சோறு போடத் தொடங்கினால் அது நன்றாகத்தான் வளர்கிறது. அடுத்தடுத்த வெள்ளிக்கிழமைகளில் அவன் ஒரு மலையாளப் பையனோடு சேர்ந்து அறை எடுத்தான். ரசம் வைக்கப் பழகினான். அங்கே குளிர் இங்கத்தையைவிட மோசம் என்றான். ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மாவுக்குத் தவறாமல் ஃபோன் எடுத்தான். சத்தியமாகச் சொல்கிறேன், சில நாட்களில் கோயிலில் இருந்து வீட்டுக்குக் கார் ஓட்டி வரும்போது எனக்கு மனம் லேசாக இருந்தது. யாரோ ஒரு நல்ல பிள்ளையைப் பற்றிப் பேசிவிட்டு வந்த மாதிரி. வீட்டுக்கு வந்து அவனுடைய அறைக் கதவைத் திறந்தால் உடனே மூடிவிடுவேன்.

அப்படியே ஐந்து மாதம் போனது. ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது இவர் தொண்டையைச் செருமினார். இவருக்கு விரி என்ற புறநகரில் ஒரு பெரிய கிடங்கில் வேலை. பேச்சு மிகக் குறைவு, ஆகவே செருமினால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

"எங்கட வேலையில ஒருத்தர் இருக்கிறார்" என்றார். "பூதம் தேடினவராம்."

"ஆரைத் தேடினவர்?"

"பூதம், ராட்சதர், அப்பிடியான சாமான். அமெரிக்காவில."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். பிள்ளையைக் காணாமல் மனுசனுக்கு மூளை தட்டிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. அந்த மனிதர் நவஹோ இனத்தவர், அமெரிக்காவின் பூர்வீகக் குடிகளில் ஒருவர். தங்கள் நிலத்தில் பல வருடம் காவல் அதிகாரியாக இருந்தவர். ஆடு களவு போனால், மலையில் ஆள் தொலைந்தால் தடம் பார்த்துத் தேடுவது அவருடைய வேலை. அதோடு, வீட்டுக்குப் பின்னால் ராட்சதக் காலடி கிடக்கிறது, கிணற்றடியில் ஏதோ உறுமுகிறது என்று யாராவது முறைப்பாடு கொடுத்தால் அதையும் சிரிக்காமல் போய் விசாரிக்க வேண்டுமாம். மனைவி நியூசிலாந்துக்காரி என்பதால் ஓய்வுபெற்ற பிறகு இங்கே வந்து, ஹில்ஸ்பரோவில் குடியிருந்துகொண்டு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். கிடங்கில் எல்லோரும் அவரை மான்ஸ்டர் ஹன்ட்டர் என்று கூப்பிடுவார்களாம்.

"தேடித் தரச் சொல்லிக் கேட்டிட்டன்" என்றார் இவர். "சனிக்கிழமை வாறார்."

என்னைக் கேட்காமல் வெளியாளிடம் வீட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டாரே என்று கோபம் வந்தது. ஆனால் அந்த ஆள் தமிழர் இல்லை, எங்கள் கோயிலுக்கு வர மாட்டார், யாரிடமும் கதைக்க மாட்டார். சரி, பூதம் பிடிக்கிறவரையும் பார்த்துவிடுவோம் என்று விட்டேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு வாசலில் ஒரு பழைய கார் வந்து நின்றது. உள்ளே இருந்தவர் இறங்கவில்லை. பத்து நிமிடம் ஆயிற்று. நான் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தேன், அவர் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் வெளியே போய்க் கூப்பிட்ட பிறகுதான் வந்தார். அவர்களுடைய ஊரில் அதுதான் மரியாதையாம். வீட்டுக்காரர் கண்டு அழைக்கும்வரை கதவைத் தட்டக் கூடாது.

அறுபது வயதிருக்கும், கனத்த உடம்பு, நரைத்த தலைமயிரைப் பின்னால் கட்டியிருந்தார். முதலில் தன் தாயின் குலம் எது, தகப்பனின் குலம் எது என்று சொன்னார், பெயரைப் பிறகுதான் சொன்னார். எங்கள் ஆட்கள் ஊர் எது, ஆருடைய ஆட்கள் என்று சுற்றிச் சுற்றிக் கேட்டு அறிவதை இந்த மனிதர் கேட்காமலே சொல்லிவிடுகிறாரே என்று நினைத்துக்கொண்டேன். அவர் பேசியது ஆங்கிலம். எனக்குள் அது தமிழாக இறங்கிய மாதிரியே இங்கே எழுதுகிறேன்.

கூலி என்ன என்று கேட்டேன். "சாப்பாடு" என்றார். பிறகு ஒரு நிபந்தனை சொன்னார். "நான் தேடுவேன். கண்டுபிடிப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எங்கே இருக்கிறான் என்று உங்களிடம் சொல்வது என் கையில் இல்லை. அவன் சொல்லச் சொன்னால் சொல்வேன்."

சம்மதித்தேன். எப்படியும் வாயைக் கிளறி எடுத்துவிடலாம் என்ற நம்பிக்கைதான்.

அவனுடைய அறையைக் காட்டினேன். வாசலில் நின்றே பார்த்துவிட்டு, "யார் சுத்தம் செய்தது?" என்று கேட்டார். நான்தான். அவன் போன மூன்றாம் நாள் வீட்டுக்கு விருந்தாட்கள் வருவதாக இருந்தது. ஆகவே கட்டிலுக்குக் கீழேயும் கூட்டி, துணியெல்லாம் தோய்த்து, மேசையை ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். என் பிள்ளையின் கைரேகைகூட அந்த அறையில் இல்லை. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அறைக்குள் போகாமல் வெளிவாசலுக்குப் போனார். அங்கே எங்கள் எல்லோருடைய செருப்பும் சப்பாத்தும் கிடந்தன. என் தும்புத்தடி கூட்டுவது வாசலோடு சரி. அவர் முழங்காலிட்டு மகனுடைய பழைய சப்பாத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். உள்ளே விரலை விட்டார். விரல் நுனியில் கறுப்பு மணல் வந்தது. ஆக்லாந்தில் கறுப்பு மணல் என்றால் மேற்குக் கடற்கரை. பல்கலைக்கழகம் அந்தப் பக்கம் இல்லை. நான் கட்டிக் கொடுத்த சோற்றை ஒரு வருடமாக அலையைப் பார்த்துக்கொண்டு தின்றிருக்கிறான். எனக்கு அவன் மேல் வந்த கோபம் கொஞ்ச நேரத்தில் வேறாக மாறியது. தனியாக இருந்து தின்றானோ, யாரும் பக்கத்தில் இருந்தார்களோ என்று யோசித்தேன்.

மேசையில் வந்து அமர்ந்ததும் அடையாளங்கள் கேட்பார் என்று தயாராக இருந்தேன். உயரம், மச்சம், தழும்பு எல்லாம் எழுதியே வைத்திருந்தேன். அவர் அந்தத் தாளைத் தொடவில்லை. "அவனை முதன்முதல் சிரிக்க வைத்தது யார்?" என்று கேட்டார்.

கைக்குழந்தையின் முதல் சிரிப்பு அவர்களிடத்தில் பெரிய காரியமாம். சிரிக்க வைத்தவர்தான் விருந்து வைக்க வேண்டும், குழந்தையின் கையால் எல்லோருக்கும் உப்புக் கொடுக்க வேண்டும், அப்போதுதான் பிள்ளை தாராள மனசோடு வளருமாம். அவனுடைய தடுப்பூசித் தேதிகள் முதல் ஒவ்வொரு வருடமும் வாங்கிய கணிதப் புள்ளிவரை எனக்குப் பாடம். முதல் சிரிப்புத் தெரியவில்லை.

"நான் தும்மினனான்" என்றார் இவர், குசினி வாசலில் நின்றபடி. "தும்மினவுடன சிரிச்சவன். நீர் அண்டைக்கு வகுப்புக்குப் போட்டீர்."

இருபது வருடமாக இதை என்னிடம் சொல்லாத மனிதர். நான் விட்டுக்கொடுக்காமல், எங்களிடமும் ஒரு வழக்கம் உண்டு, பல் முளைத்தால் பிள்ளையின் தலையில் கொழுக்கட்டை கொட்டுவோம், தட்டில் பல சாமான் வைத்து எதை எடுக்கிறான் என்று பார்ப்போம் என்றேன். "எதை எடுத்தான்?" என்று கேட்டார். ஸ்டெதஸ்கோப் என்றேன். உண்மையில் அவன் தவழ்ந்து போய்க் கத்தரிக்கோலைத்தான் பிடித்தான். நான் அதைப் பறித்துவிட்டு ஸ்டெதஸ்கோப்பை அவன் கைக்குள் தள்ளினேன், வந்தவர்கள் கைதட்டினார்கள். இதை அவரிடம் சொல்லவில்லை.

புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் பரிமாறினேன். தன் தாயின் வீட்டிலும் எப்போதும் ஆட்டிறைச்சிதான் என்று சொல்லி எலும்பை விடாமல் உறிஞ்சினார். பச்சைமிளகாயையும் கறிவேப்பிலையையும் தட்டின் ஓரத்தில் எடுத்து வைத்து, இவையெல்லாம் எங்கே வாங்குவீர்கள் என்று கேட்டார். மவுண்ட் ரோஸ்கில்லில் ஒரு கடை என்றேன். உங்கள் ஆட்கள் யாரும் அவனைக் கண்டிருப்பார்களா, கோயிலில் விசாரிக்கலாமா என்றார்.

"ஒருவரும் காணவில்லை. அவர்களிடம் கேட்கத் தேவையில்லை" என்றேன், கொஞ்சம் அவசரமாகவே. அவர் என்னைப் பார்த்தார், வற்புறுத்தவில்லை.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் வந்தார், மறுபடியும் காரிலேயே இருந்தார், நானே போய்க் கூப்பிட்டேன். உள்ளே வந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு ஒரு விஷயம் விளங்கவில்லை" என்றார். "ஆடு தொலைந்தால் நான் மலை ஏற மாட்டேன், தண்ணீர் இருக்கும் இடத்தில் போய் நிற்பேன். ஆகவே மிளகாய் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரரிடம் படத்தைக் காட்டினேன். இந்தப் பையன் ஆஸ்திரேலியாவில் படிக்கிறான், அவனுடைய அம்மா சொன்னார் என்றார். அதே மூச்சில், செவ்வாய்க்கிழமைகளில் வந்து பச்சைமிளகாய் வாங்கிப் போவான் என்றார்."

அந்தக் கடைக்காரரை எனக்குப் பத்து வருடமாகத் தெரியும். ஃபிஜிக்காரர், பாட்டன் பூட்டன் தமிழ்நாட்டில் இருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களாம். தமிழில் வணக்கம், போதும் என்ற இரண்டு சொல் தெரியும். நான் சனிக்கிழமைகளில் போய்க் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே மெல்பர்ன் கதை சொல்வேன். அவர் "வெரி குட், வெரி குட்" என்பார். செவ்வாய்க்கிழமை மெல்பர்ன்காரனுக்கு மிளகாய் நிறுத்துக் கொடுத்துவிட்டு, சனிக்கிழமை எனக்கு வெரி குட் சொல்லியிருக்கிறார்.

வேறு வழியில்லை. மெல்பர்ன் கதை முழுவதையும் அந்த மனிதரிடம் சொன்னேன். மலையாளப் பையனைக்கூட விடவில்லை. அவர் சிரிக்கவில்லை. ராட்சதக் காலடி என்று வந்து சொன்னவர்களிடமும் இப்படித்தான் முகத்தை வைத்திருந்திருப்பார். அவன் இருக்கும் இடத்தையும் விசாரித்து வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று எழுந்தார்.

அவர் சொல்லும்வரை நான் பொறுத்திருக்க வேண்டும். அப்படித்தான் பேச்சு. ஆனால் செவ்வாய்க்கிழமை, பச்சைமிளகாய் என்று அவர் வாயாலேயே வந்துவிட்டதே. ஐந்து மாதம் பிள்ளையின் முகத்தைக் காணாத ஒருத்திக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் தலையிடி என்று சொல்லிவிட்டு மத்தியானமே புறப்பட்டேன். கடைக்கு எதிர்ப்பக்கம் காரை நிறுத்திக்கொண்டு இருந்தேன்.

மூன்றரை மணிக்கு வந்தான். மெலிந்திருந்தான். தலைமயிர் காதை மூடியிருந்தது. காற்சட்டையில் வெள்ளைத் தூள் அப்பியிருந்தது, ஏதோ பட்டறையில் வேலை செய்கிறவன் மாதிரி. கூட வந்த ஒருவனோடு எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தான். வீட்டில் அவன் அப்படிச் சிரித்து நான் எப்போது கண்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். கூட்டாளி மேலே நடந்து போக, இவன் கடைக்குள் போனான்.

நான் இறங்கித் தெருவைக் கடந்து, கடைவாசலுக்குப் பக்கத்தில் வாழைப்பழப் பெட்டிகளோடு நின்றேன். சொல்ல வேண்டிய வசனத்தைக் காரிலேயே அடுக்கி வைத்திருந்தேன். சாப்பிட வா, ஒன்றும் கேட்க மாட்டேன். அவ்வளவுதான்.

"அக்கா!"

பக்கத்துத் தையற்கடையில் இருந்து, கோயிலில் என்னோடு பூக்கட்டுகிறவள் வந்துகொண்டிருந்தாள். நான் கடைவாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினேன்.

"என்னக்கா, இண்டைக்கு வேலை இல்லையோ?" என்றாள். பிறகு, "மகன் எப்பிடி, சுகமா இருக்கிறானோ?" என்று கேட்டாள்.

"ஓம், சுகமா இருக்கிறான்" என்றேன். "மெல்பர்னில இப்ப சோதினைக் காலம், ஃபோன் எடுக்கவும் நேரமில்லை."

அவளுடைய கண் என் தோளைத் தாண்டிப் போனது. நான் திரும்பினேன். இரண்டடி தூரத்தில், கையில் மிளகாய்ப் பையோடு அவன் நின்றான். எல்லாம் கேட்டிருந்தான். என்னை ஒரு கணம் பார்த்தான். பிறகு, தெருவில் தெரிந்த ஆன்ட்டி யாரையாவது கண்டால் ஆட்டுவது போலத் தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு நடந்தான்.

கூப்பிட்டிருக்கலாம். ஓடியிருக்கலாம். அவன் மெதுவாகத்தான் போனான், நான் வருவேனா என்று பார்த்துப் போன நடை அது என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அவன் பெயரை நான் கூப்பிட்டால் அவள் முன்னால் என் பொய் உடையும். என் வாய் பூட்டிக்கொண்டது. தெரு முழுக்கக் கேட்கக் கத்தத் தெரிந்த வாய். அவளிடம் "நேரமாச்சு, வாறன்" என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போய்க் கதவை மூடிக்கொண்டேன். அவன் போன பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை, அவள் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று.

அன்று மாலை ஆறு மணிக்கு அந்த மனிதர் வந்தார். முதல்முறையாகக் கதவைத் தட்டினார்.

"நேற்று அவனோடு நெடுநேரம் இருந்தேன்" என்றார். "ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறேன் என்று சொன்னான். இதை உங்களுக்குச் சொல்லத்தான் இன்று மாலை வர இருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு முன்னர் ஃபோன் பண்ணி, வரவில்லை என்கிறான்."

இவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்ன காரணம் சொன்னான் என்று நான்தான் கேட்டேன், தெரிந்துகொண்டே.

"மெல்பர்னில் இருப்பவன் நன்றாகப் படிக்கிறானாம். அம்மாவுக்கு அவன் போதும் என்றான்." பிறகு, "செவ்வாய்க்கிழமை என்று நான் உங்களிடம் சொல்லியிருக்கக் கூடாது. அது என் பிழை" என்றார்.

அவர் தன்னில் பிழையை எடுத்துக்கொண்டது எனக்குச் சாட்டையால் அடித்த மாதிரி இருந்தது. நான் எரிந்து விழுந்தேன். நீங்கள் பிடித்த பூதங்களில் நான் எந்த வகை என்று கேட்டேன்.

"நான் ஒன்றையும் பிடித்ததில்லை" என்றார், கோபப்படாமல். "காலடியை அளந்து எழுதிக்கொண்டு வருவேன். என்னிடம் வந்தவர்கள் பல மாதம் யாருக்கும் சொல்லாமல் பயந்து கிடந்தவர்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்ன பிறகு கொஞ்சம் நித்திரை கொண்டார்கள். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது." அன்று சாப்பிடாமலே போனார்.

வெள்ளிக்கிழமை கோயிலின் பின்னறையில் ஆறு பெண்கள் இருந்தோம். யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னேன்.

"என்ர மகன் மெல்பர்னில இல்லை. ஒருநாளும் போனதுமில்லை. படிப்பை விட்டிட்டான். நான் வாசல்படி மிதியாதை எண்டு ஏசினதால வீட்டை விட்டுப் போனவன். இஞ்சதான் எங்கேயோ இருக்கிறான்."

ஒருவரும் தலை நிமிரவில்லை. பூக்கட்டும் கை ஒன்றும் நிற்கவில்லை. ஒருத்தி, "தெரியும் அக்கா" என்றாள்.

எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருத்தி அவனை ஹில்ஸ்பரோ பஸ்ஸில் இரண்டு தரம் கண்டிருக்கிறாள், ஒரு கிழவிக்கு இடம் விட்டு எழுந்தானாம். இன்னொருத்தியின் கணவர் அவன் பெயின்ட் வாளி தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறார். நல்ல தடித்த குளிர்ச்சட்டை போட்டிருந்தான், பயப்படாதையுங்கோ என்றாள் மற்றொருத்தி. ஆளுக்கு ஒரு துண்டாக என் பிள்ளையை என் மடியில் கொண்டுவந்து போட்டார்கள். இத்தனை மாதமும் இவ்வளவையும் வைத்துக்கொண்டு மெல்பர்னில் மழையா என்று என்னைக் கேட்டார்களே என்று ஆத்திரம் பொங்கியது. கூடவே அழுகையும் வந்தது.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீங்களே சொல்லாததை நாங்கள் எப்பிடியக்கா கேக்கிறது?" என்றாள் பக்கத்தில் இருந்தவள். நாரை முறுக்கிக்கொண்டே இன்னும் சொன்னாள். "அண்டைக்குக் கடை வாசலில, கண்ணாடிக்குள்ளால நான் அவனைக் கண்டிட்டுத்தான் உங்களிட்டைக் கேட்டனான். திரும்பிப் பாத்து, இந்தா நிக்கிறான் எண்டு சொல்லுவியள் எண்டு நினைச்சன். மெல்பர்ன் எண்டு நான் சொல்லேல்லை அக்கா. நீங்கள்தான் சொன்னது."

அது உண்மைதான். மகன் எப்படி என்றுதான் அவள் அன்று கேட்டாள்.

இரண்டு வாரம் கழித்து அந்த மனிதர் சாப்பிட வந்தார். நான் கோயிலில் சொன்னதை மகனிடம் சொல்லப் போனாராம். "எனக்கு முன்னரே மூன்று பேர் அவனிடம் சொல்லிவிட்டார்கள்" என்றார். எங்கள் ஆட்களின் வாய் அந்த ஒரு தரம் எனக்காக ஓடியிருக்கிறது. அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன். அம்மா அழுதாவா என்று மட்டும் கேட்டானாம். வருவானா என்று கேட்டேன். அவர் கையை நீட்டிக் காட்டாமல், உதட்டை மட்டும் குவித்து ஜன்னலுக்கு வெளியே தெருவைக் காட்டினார். அவர்கள் அப்படித்தான் திசை காட்டுவார்கள். "தேடுவதுதான் என் வேலை" என்றார். "நடந்து வருவது அவனுடையது."

அதற்குப் பிறகு ஏழு மாதம் ஆகிறது. செவ்வாய்க்கிழமைகளில் நான் அந்தத் தெருப் பக்கமே போவதில்லை. அது அவனுடைய நாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேருக்குச் சமைக்கிறேன், மிஞ்சியதைத் திங்கட்கிழமை இவர் வேலைக்குக் கொண்டுபோகிறார். யாரைப் பற்றி என்று தெரியாமல் பேசிக்கொண்டிருந்த அந்த மெல்பர்ன் பிள்ளையைக்கூட எப்போதாவது மனம் தேடுகிறது, அவனாவது ஃபோன் எடுத்தான். இவருக்குத் தும்மல் வந்தால் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை.

சென்ற வாரம் கோயில் முற்றத்தில் அன்னதானத் தட்டோடு நின்றேன். சென்னையில் இருந்து புதிதாக வந்திருக்கும் ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள். ஊர் பழகும் ஆவலில் எல்லோரிடமும் பேசிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க ஆன்ட்டி?"

"ஒரு மகன்."

"என்ன பண்றாரு? இங்கதான் இருக்காரா?"

"இஞ்சதான் இருக்கிறான்" என்றேன். "எங்களோட இல்லை. நான் ஏசினதால கோவிச்சுக்கொண்டு போனவன். என்ன வேலை எண்டு சரியாத் தெரியாது. கையால ஏதோ நல்லாச் செய்யிறானாம்."

தேவைக்கு அதிகமாகச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல, பக்கத்தில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அந்தப் பெண்ணுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. நான் தட்டைப் பிடித்தபடி, அன்று கடைவாசலில் போல, திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் நிற்கவில்லை.